பகல் ஒன்றரைக்குப் பிறகும் பள்ளிக்கூடம் வேண்டும்

வடக்கு கிழக்கில் உள்ள கத்தோலிக்க ஆண்கள் கல்லூரிகளின் பழைய மாணவர் சங்கங்களுக்கும், கொழும்பிலும் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் பாரிசிலும் சிட்னியிலும் இயங்கும் அவற்றின் கிளைகளுக்கும் ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பிமாருக்கும், என்னிலும் மூத்த அண்ணைமாருக்கும்,

வணக்கம். நான் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். சைவன். ஆனாலும் என் உத்தியோக காலத்தின் பெரும்பகுதி கத்தோலிக்க ஆண்கள் பாடசாலைகளில்தான் போனது. எந்தப் பாடசாலைகள் என்று எழுதாமல் விடுகிறேன். எழுதினால் இந்த மடல் அவற்றைப் பற்றிய பேச்சாக மாறிவிடும். நான் சொல்ல வந்தது யாழ்ப்பாணம், இளவாலை, ஊர்காவற்றுறை, மன்னார், திருகோணமலை, மட்டக்களப்பு எல்லாவற்றுக்கும் பொதுவான காரியம்.

கேட்பது ஒன்றே ஒன்று. வருகிற சில வருடங்களுக்கு உங்கள் சங்கங்கள் சேர்க்கும் பணத்திலும் நேரத்திலும் பெரும் பங்கை, பாடசாலை மணி அடித்த பிறகு அந்த வளவுக்குள் நடக்கவேண்டியவற்றுக்குக் கொடுங்கள்.

காலை 7.30 இலிருந்து பகல் 1.30 வரை உள்ள நேரத்துக்கு ஓர் ஒழுங்கு இருக்கிறது. அரசாங்கம் சம்பளம் கொடுக்கிறது, பாடப்புத்தகம் கொடுக்கிறது, பாடத்திட்டம் கொடுக்கிறது. குறைகள் எத்தனையோ உண்டு. இருந்தும் அந்த ஆறு மணித்தியாலத்துக்குப் பொறுப்பானவர் யார் என்று கேட்டால் விடை இருக்கிறது. 1.30 க்குப் பிறகு யார் பொறுப்பு? முன்பு பாடசாலைதான் பொறுப்பாக இருந்தது. மைதானம், நூலகம், விடுதி, ஆலயத்துப் பாடகர் குழு, நாடக ஒத்திகை, சாரணர், பான்ட் வாத்தியம் எல்லாம் அந்த நேரத்தில்தான் நடந்தன. இன்று அந்த நேரத்தை ரியூசன் எடுத்துக்கொண்டுவிட்டது.

வெளிநாட்டில் இருந்து விடுமுறைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் பெரிய துடுப்பாட்டப் போட்டிக்கோ, பரிசளிப்பு விழாவுக்கோ, ஜூபிலிக்கோதான் பாடசாலைக்குள் வருகிறீர்கள். அன்றைக்கு வளவு நிறைந்திருக்கும். கொடி பறக்கும், பான்ட் அடிக்கும். ஒருமுறை சாதாரணச் செவ்வாய்க்கிழமை பின்னேரம் மூன்று மணிக்கு வந்து பாருங்கள். மைதானத்தில் அணியில் தெரிவான பதினைந்து, இருபது பேர் நிற்பார்கள். நூலகக் கதவு பூட்டியிருக்கும். மற்றப் பெடியன்கள் வெள்ளைச் சீருடையோடேயே சைக்கிளை மிதித்துக்கொண்டு தகரக் கொட்டில்களுக்குப் போய், ஒலிவாங்கியில் பேசுகிற ஆசிரியருக்கு முன்னால் நெருக்கியடித்துக்கொண்டு வாங்கில்களில் இருப்பார்கள். பக்கத்தில் இருப்பவனுடைய பெயர் தெரியாமலே இரண்டு வருடம் அப்படிப் படித்து முடிக்கலாம். கேள்வி கேட்க வழியில்லை. ஒரு நாள் வராவிட்டால் ஏன் வரவில்லை என்று விசாரிக்க ஆளில்லை. ஞாயிறு காலையும் இப்படியே போகிறது. மறைக்கல்விக்குப் போகவேண்டிய பிள்ளையும் அறநெறி வகுப்புக்குப் போகவேண்டிய பிள்ளையும் ஒரே கொட்டிலில் இரசாயனவியல் குறிப்பு எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

பல்கலைக்கழக அனுமதிக்கான பரீட்சை எழுதும் உயர்தர வகுப்புகளில் நிலைமை இன்னும் மோசம். பரீட்சைக்குத் தோற்ற 80 வீத வரவு வேண்டும் என்ற விதி இருக்கிறது. அந்த விதி இல்லாவிட்டால் 13ஆம் ஆண்டு வகுப்பறைகளில் கதிரைகள்தான் மிஞ்சும். இது ஒரு பாடசாலையின் குறை அல்ல. ஆண்கள், பெண்கள், கத்தோலிக்கம், இந்து, அரசு, தனியார் என்று இந்த மண்ணில் எல்லாப் பாடசாலைகளுக்கும் நேர்ந்திருப்பதுதான்.

பெற்றோரைத் திட்ட நான் வரவில்லை. பல்கலைக்கழக அனுமதி எப்படி நடக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையில், 55 வீதம் மாவட்ட அடிப்படையில், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு என்று பங்கிட்டு, வெவ்வேறு பாடங்களின் புள்ளிகளை ஒப்பிடக் கணக்கிடும் இசட் புள்ளியின் தசமத் தானங்களில் ஒரு பிள்ளையின் வாழ்க்கை தீர்மானமாகிறது. 2022 இன் பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு குருநகரில் வலை இழுக்கும் தகப்பனும், வாழைச்சேனையில் கடை வைத்திருக்கும் தாயும், சாப்பாட்டில் மிச்சம் பிடித்தாவது ரியூசனுக்குக் காசு கட்டுகிறார்கள். அந்தப் பயம் நியாயமான பயம். ஆசிரியர்களையும் குறை சொல்லமாட்டேன். பாடசாலைச் சம்பளத்தை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்த முடியாமல் பின்னேரம் வகுப்பெடுக்கிறவர்கள்தான் அநேகர். ஒன்றை மட்டும் சொல்வேன். காலையில் தன் வகுப்பில் இருக்கும் அதே பிள்ளையிடம் பின்னேரம் காசு வாங்கிக்கொண்டு மிச்சப் பாடத்தைச் சொல்லிக்கொடுப்பது தவறு. எத்தனை நெருக்கடி இருந்தாலும் தவறுதான்.

சரி, ரியூசன் பெறுபேறு தருகிறதே, பிறகு என்ன குறை என்று நீங்கள் கேட்கலாம். உங்களுடைய பாடசாலைகளின் கதையையே எடுத்துச் சொல்கிறேன்.

மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரியில் கூடைப்பந்தாட்டத்தைக் கட்டி எழுப்பியவர் யூஜின் ஹேபேர்ட் அடிகள். அமெரிக்காவின் லூசியானாவில் பிறந்த இயேசு சபைத் துறவி. 1948 இல் இலங்கைக்கு வந்து, திருகோணமலை புனித சூசையப்பர் கல்லூரியிலும் மிக்கேலிலும் படிப்பித்தார். அவருடைய பெடியன்கள் அகில இலங்கை மட்டத்தில் வென்றார்கள். வெற்றிக்காக மட்டும் மட்டக்களப்பார் அவரை நினைக்கவில்லை. எந்தப் பெடியன் சாப்பிடாமல் வந்திருக்கிறான், எவன் வீட்டில் சண்டை, எவன் இரண்டு நாளாகப் பயிற்சிக்கு வரவில்லை என்று தெரிந்த ஒரு பெரியவர் அந்த மைதானத்தில் ஒவ்வொரு பின்னேரமும் நின்றார் என்பதற்காகவே நினைக்கிறார்கள். பிற்காலத்தில் பல்கலைக்கழகம் போகமுடியாத இளைஞர்கள் கைத்தொழில் பழகுவதற்கான நிறுவனத்தையும் அவர்தான் நடத்தினார். 1990 ஓகஸ்ட் 15 அன்று, வாழைச்சேனைப் பக்கத்தில் இருந்து மட்டக்களப்புக்குத் திரும்பும் வழியில், கூடச் சென்ற இளைஞரோடு சேர்த்து அவரும் காணாமற்போனார். இன்றுவரை அவர்களுக்கு என்ன நடந்தது என்று யாரும் பதில் சொல்லவில்லை. மிக்கேல் பழைய மாணவர்கள் அந்தப் பதிலைத் தொடர்ந்து கேட்கவேண்டும் என்று, வேறு பாடசாலைக்காரனாக இருந்தும், உரிமையோடு சொல்கிறேன்.

அதே 1948 இல் வந்த இன்னொருவர் ஹரி மில்லர் அடிகள். மிக்கேலின் அதிபராக இருந்தவர். யுத்த காலத்தில் மட்டக்களப்புச் சமாதானக் குழுவில் இருந்துகொண்டு, காணாமற்போனவர்களின் விபரங்களை ஒவ்வொன்றாகப் பதிந்து வைத்தார். மகனைத் தேடி வந்த தாய்மார் எத்தனையோ பேர் நேரே அவரிடம் போனார்கள். அவர் யாருடைய பிள்ளைக்கு எந்த வகுப்பில் படிப்பித்தார் என்பது ஊருக்குத் தெரிந்திருந்தது. பாடசாலைக்கும் ஊருக்கும் நடுவில் இருந்த அந்தப் பழக்கத்தை ஒலிவாங்கி வகுப்பால் உண்டாக்க முடியாது.

யாழ்ப்பாணத்துக்கு வருவோம். புனித பத்திரிசியார் கல்லூரி 1850 இல் கத்தோலிக்க ஆங்கிலப் பாடசாலையாகத் தொடங்கி, 1881 இல் இன்றைய பெயரைப் பெற்றது. அதன் அதிபர்களில் ஊர் மறக்காதவர் லோங் அடிகள். 1936 இலிருந்து 1954 வரை அதிபராக இருந்த அயர்லாந்துக்காரர். அவருடைய சிலை எங்கே இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். யாழ்ப்பாணம் பொது நூலக வளவில் இருக்கிறது. 1933 இல் க. மு. செல்லப்பா தன் வீட்டில் தொடங்கிய சிறு நூலகம் ஊர் நூலகமாகி, 1959 இல் புதிய கட்டடத்தில் திறக்கப்படுவதற்குப் பின்னால் நின்று உழைத்தவர்களில் லோங் அடிகளும் ஒருவர். ஒரு கத்தோலிக்கக் கல்லூரியின் அதிபர், தன் பாடசாலை மதிலுக்கு வெளியே, எல்லாச் சமயத்தவரும் வந்து படிக்கிற இடத்துக்காகப் பாடுபட்டார். முன்னால் சரஸ்வதி சிலை, அதே வளவில் லோங் அடிகளின் சிலை. சைவனாகிய எனக்கு அந்த வளவுக்குள் போகும்போதெல்லாம் நெஞ்சு நிறையும்.

1981 இல் அந்த நூலகம் எரிக்கப்பட்டபோது, கிட்டத்தட்ட 97,000 நூல்கள் சாம்பலாயின. பத்திரிசியார் வளாகத்தில் வாழ்ந்த பன்மொழி அறிஞர் தாவீது அடிகள் அந்தத் தீயைக் கண்ட அதிர்ச்சியில் உயிர்விட்டார். நூலகம் என்றால் உயிரையே கொடுத்தவர் வாழ்ந்த ஊரில், பாடசாலை நூலகங்களைப் பகல் ஒன்றரைக்குப் பூட்டிவிட்டுப் போகிறோம். நூலகர் வெற்றிடம் நிரப்பப்படவில்லை, மேலதிக நேரத்துக்குக் கொடுப்பனவு இல்லை, மின்கட்டணம் யார் கட்டுவது என்று காரணங்கள் இருக்கும். எல்லாம் உண்மையான காரணங்கள்தான். இவற்றில் எதுவும் ஒரு பழைய மாணவர் சங்கத்தால் தீர்க்கமுடியாத அளவுக்குப் பெரியது இல்லை.

தனிநாயகம் அடிகளையும் இங்கே நினைக்கவேண்டும். கரம்பனில் பிறந்து, ஊர்காவற்றுறை புனித அந்தோனியாரிலும் பிறகு பத்திரிசியாரிலும் படித்தவர். 1952 இல் தமிழ்ப் பண்பாடு பற்றி ஆங்கிலத்தில் ஓர் ஆய்விதழைத் தொடங்கினார். 1964 இல் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் உருவாக முன்னின்றார். 1966 இல் கோலாலம்பூரில் முதல் மாநாடு நடந்தது. எல்லாப் பரிசளிப்பு விழாவிலும் அவர் பெயரைச் சொல்கிறோம். சொல்லாமல் விடுகிற ஒன்று உண்டு. அவர் தமிழை முறையாகப் படிக்கத் தொடங்கியது பாடசாலையை விட்டு வெகுகாலத்துக்குப் பிறகு, தமிழ்நாட்டில் வடக்கன்குளத்துப் பாடசாலையில் ஆசிரியராக இருந்தபோதுதான். அன்றைய ஆங்கிலக் கல்லூரிகள் தமிழுக்குக் கொடுத்த இடம் அவ்வளவுதான். ஆகவே அந்தக் காலமே பொற்காலம், அதை அப்படியே மீட்கவேண்டும் என்று நான் சொல்லவரவில்லை.

பழைய காலத்தைப் பற்றிப் பேசும்போது உங்களில் பலர் பெருமையோடு சொல்கிற இன்னொன்று எனக்கு எப்போதும் கசப்பாக இருந்திருக்கிறது. 'அடித்து வளர்த்தார்கள், அதனால்தான் ஆளானோம்' என்பது. ஒன்றுகூடல்களில் பிரம்படிக் கதைகளைச் சொல்லிச் சிரிக்கிறீர்கள். அடி வாங்கி அதோடு பாடசாலையை விட்டுப் போனவன் அந்த ஒன்றுகூடலுக்கு வருவதில்லை. அவனுடைய கதையை நீங்கள் கேட்கப்போவதும் இல்லை. உடல் தண்டனை கூடாது என்று 2005 இலேயே கல்வி அமைச்சின் சுற்றறிக்கை வந்துவிட்டது. மேடையில் நின்று பிரம்பைப் புகழ்கிற ஒவ்வொரு பழைய மாணவரும் இன்றைய இளம் ஆசிரியருக்குத் தவறான அனுமதி கொடுக்கிறார். தயவுசெய்து நிறுத்துங்கள்.

1960, 61 இல் அரசாங்கம் உதவிபெறும் பாடசாலைகளைப் பொறுப்பேற்றபோது பெரும்பாலான கத்தோலிக்கப் பாடசாலைகள் அரசிடம் போயின. சில மட்டும் கட்டணமும் வாங்கமுடியாமல், அரசின் நன்கொடையும் இல்லாமல் தனியே நின்று, பங்கு மக்களின் காணிக்கையிலும் ஆசிரியர்களின் குறைந்த சம்பளத்திலும் பிழைத்தன. மிக்கேல் இன்று தேசிய பாடசாலை. பத்திரிசியார் இன்னும் மறைமாவட்டத்தின் கையில். நிர்வாகம் வேறு வேறு. ஆனால் இரண்டு பக்கமும் அந்த நாட்களைத் தாங்கியது, தங்களுக்குச் சொந்தமான இடம் இது என்று நினைத்து மாலையிலும் அந்த வளவில் நின்ற மனிதர்கள்தான். அந்த நினைப்பு வகுப்பறையில் மட்டும் வருவதில்லை. ஒத்திகை முடிந்து இருட்டிய பிறகு சேர்ந்து கதிரை அடுக்குகிறபோது வரும். தோற்ற மட்சுக்குப் பிறகு ஒரே பஸ்ஸில் வீடு திரும்பும்போது வரும்.

சாதியைப் பற்றி நாங்கள் யாரும் வெளிப்படையாகப் பேசுவதில்லை. பாடசாலையிலும் அது இருந்தது, இன்றும் முழுதாகப் போய்விடவில்லை. இருந்தாலும் கடற்கரைப் பெடியனும் தோட்டக்காரப் பெடியனும் கந்தோர்காரரின் மகனும் ஒருவன் தூக்கிக் கொடுக்க மற்றவன் அடித்து கோல் போட்ட இடம் அந்த மைதானம். இளவாலை புனித ஹென்றியரசரின் உதைபந்தாட்டத்தைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். ரியூசன் கொட்டிலில் ஒருவன் தோளில் மற்றவன் கைபோட வேண்டிய அவசியமே வருவதில்லை.

முஸ்லிம் பிள்ளைகளும் நம்மோடு படித்தார்கள். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம் மக்கள் விரட்டப்பட்டபோது, யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் வகுப்புகளில் அவர்களுடைய இடங்கள் ஒரே வாரத்தில் காலியாகின. அவர்களில் பலர் புத்தளத்தில் வளர்ந்து, இன்று நாற்பதும் ஐம்பதும் கடந்தவர்கள். அவர்களும் பழைய மாணவர்கள்தான். உங்கள் உறுப்பினர் பட்டியலில் அவர்கள் பெயர் இருக்கிறதா? இல்லையென்றால் தேடிப் பிடித்துச் சேருங்கள். இது நான் கேட்கும் முதன்மை விடயம் அல்ல. ஆனாலும் இதை எழுதாமல் கடந்துபோக மனம் விடவில்லை.

இனி, என்ன செய்யலாம் என்று சொல்கிறேன்.

முதலில் நூலகம். பின்னேரம் ஐந்தரை மணி வரை திறந்து வைக்க ஒருவருக்குச் சம்பளம், வெளிச்சம், மின்விசிறி, ஒரு தேநீரும் பணிசும். பசியோடு இருக்கும் பதின்மூன்று வயதுப் பிள்ளை புத்தகம் வாசிக்கமாட்டான். பணிஸ் இல்லாமல் இந்தத் திட்டத்தைத் தொடங்கவே வேண்டாம். புத்தகங்களை வெளிநாட்டிலிருந்து பெட்டி பெட்டியாக அனுப்பாதீர்கள். உங்கள் வீட்டில் மிஞ்சிய ஆங்கிலப் புத்தகங்கள் இங்கே அலுமாரியில் தூசி பிடிக்கின்றன. பிள்ளைகளிடம் என்ன வேண்டும் என்று கேட்டு, யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் வாங்கிக் கொடுங்கள்.

அடுத்தது, உயர்தரம் எழுதிவிட்டுக் காத்திருக்கும் பெடியன்கள். பெறுபேறு வரும்வரை மாதக்கணக்கில், பல்கலைக்கழகம் தொடங்கும்வரை சிலவேளை ஒரு வருடத்துக்கும் மேல் அவர்கள் சும்மா இருக்கிறார்கள். பலர் அந்த இடைவெளியில்தான் வெளிநாடு போகும் வழி தேடத் தொடங்குகிறார்கள். சிலர் போதைப்பொருளிடம் அகப்படுகிறார்கள். அவர்களுக்கு ஒரு கொடுப்பனவு கொடுத்து, 6ஆம் ஆண்டிலிருந்து 11ஆம் ஆண்டு வரையுள்ள பிள்ளைகளுக்குப் பின்னேரங்களில் கணிதமும் விஞ்ஞானமும் ஆங்கிலமும் பாடசாலையிலேயே சொல்லிக்கொடுக்க வையுங்கள். இலவசமாக, பத்துப் பன்னிரண்டு பேர் கொண்ட குழுக்களாக. போன வருடம் அதே பாடத்தில் திண்டாடித் தேறியவனுக்கு, எங்கே பிள்ளை வழுக்கி விழும் என்பது நன்றாகத் தெரியும். சாதாரண தரம் வரையிலாவது ரியூசன் தேவைப்படாத பாடசாலை என்று பெற்றோர் நம்பத் தொடங்கினால், பிள்ளைகள் பின்னேரத்தில் மைதானத்துக்கும் வருவார்கள். பெற்றோரின் பயத்துக்குப் பதில் சொல்லாமல் விளையாட்டையும் நாடகத்தையும் மட்டும் வளர்க்க நினைத்தால் நடக்காது. ஆகவேதான் படிப்பையும் இதற்குள் வைக்கிறேன்.

விடுதி பற்றியும் சொல்லவேண்டும். நெடுந்தீவுப் பிள்ளை குறிகட்டுவானிலிருந்து படகு ஏறிப் போகவேண்டும். கடைசிப் படகு யாருக்காகவும் காத்திருக்காது. வன்னியிலிருந்தும் மன்னாரின் உட்கிராமங்களிலிருந்தும் வரும் பிள்ளைகளுக்கும் இதே கதைதான். விடுதி இருந்தால் அவர்களுக்குப் பின்னேரம் உண்டு, இல்லையென்றால் இல்லை. விடுதிக் கட்டணத்தை ஏற்பது நுழைவாயில் வளைவு கட்டுவதைப் போலக் கண்ணுக்குத் தெரியாது. கல்வெட்டில் பெயர் பொறிக்கவும் முடியாது. வளைவுகள் போதுமான அளவு கட்டியாகிவிட்டது. ஒரு பிள்ளைக்கு 6ஆம் ஆண்டிலிருந்து 13ஆம் ஆண்டு வரை எட்டு வருட விடுதிச் செலவை உங்கள் வகுப்புத் தோழர்கள் பத்துப் பேர் சேர்ந்து ஏற்றால், அந்தப் பணம் இங்கே வந்து எவ்வளவு பெரிதாகிறது என்பதை நீங்களே காண்பீர்கள்.

கலையை நான் கடைசியாகச் சொல்வதற்குக் காரணம், அதைப் பற்றிப் பேசத் தொடங்கினால் நிறுத்தமாட்டேன். இந்த மண்ணில் கத்தோலிக்கர் வளர்த்த தென்மோடிக் கூத்து எவ்வளவு பெரிய செல்வம். குருநகரிலும் பாசையூரிலும் இரவிரவாக ஆடிய அண்ணாவிமாரின், அதாவது கூத்துப் பழக்கும் ஆசான்மாரின், பேரப்பிள்ளைகள் உங்கள் பாடசாலைகளில்தான் படிக்கிறார்கள். மரிய சேவியர் அடிகள் 1965 இல் தொடங்கிய திருமறைக் கலாமன்றம், திருப்பாடுகளின் நாடகங்களை ஆயிரக்கணக்கான மக்கள் முன் மேடையேற்றியது. யுத்தத்தின் நடுவிலும் நிறுத்தவில்லை. பாத்திரம் ஏற்றவர்களில் கத்தோலிக்கர் அல்லாதவர்களும் இருந்தார்கள். யேசுவைச் சிலுவையில் அறைகிற காட்சியில் படைவீரனாக நின்ற பிள்ளை, அதிகாரம் என்றால் என்ன, அதன் முன் ஒருவன் எப்படி நிற்கலாம் என்று உடம்பால் படித்தான். நான் வகுப்பில் சிலப்பதிகாரத்து வழக்குரை காதையைப் படிப்பிக்கும்போது, மேடை ஏறிய பெடியன்கள்தான் கண்ணகியின் கேள்வியை உரத்து வாசிப்பார்கள். மற்றவர்கள் பரீட்சைக்கு எந்த வரி வரும் என்று கேட்பார்கள். பாடசாலைக்கு ஓர் அண்ணாவியாரைக் கூப்பிட்டு, வாரத்தில் இரண்டு பின்னேரம் பழக்கக் கொடுப்பனவு கொடுங்கள். இன்னும் சில வருடங்கள் போனால் கூப்பிட ஆள் இருக்கமாட்டார்.

இன்னொரு யோசனை. நாடகத்தையும் விவாதத்தையும் பக்கத்துப் பெண்கள் பாடசாலைகளோடு சேர்ந்து செய்யலாம். யாழ்ப்பாணத்தில் திருக்குடும்பக் கன்னியர் மடம் இருக்கிறது, மட்டக்களப்பில் புனித சிசிலியா இருக்கிறது. பெண்பிள்ளையை மதில் மேலால் எட்டிப் பார்க்க மட்டும் பழகியவன், பல்கலைக்கழகத்திலும் கந்தோரிலும் எப்படி நடந்துகொள்கிறான் என்பதை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். அதே வயதுப் பெண்பிள்ளை விவாத மேடையில் தன்னைத் தோற்கடிக்கும்போது, மேசையைத் தட்டிப் பாராட்டப் பழகவேண்டும். அதைப் பழக்குவதும் ஆண்கள் பாடசாலையின் வேலைதான்.

பின்னேரத்தில் பிள்ளைகள் வளவில் இருக்கவேண்டும் என்றால் அவர்கள் பத்திரமாக இருக்கவேண்டும். இதில் கூச்சப்படாமல் பேசுங்கள். எந்தப் பிள்ளையும் எந்தப் பெரியவரோடும் பூட்டிய அறையில் தனியே இருக்கக்கூடாது. அந்தப் பெரியவர் துறவியாக இருந்தாலும், பயிற்றுநராக இருந்தாலும், காசு கொடுக்கும் பழைய மாணவராக இருந்தாலும் இதே விதிதான். முறைப்பாடு சொல்ல ஒரு பெண் ஆசிரியரும் ஒரு தாயும் உள்ள குழு ஒவ்வொரு பாடசாலையிலும் இருக்கவேண்டும். இதற்கு உடன்படாத பாடசாலைக்குக் காசு கொடுக்காதீர்கள். பாடசாலைகளின் நல்ல பெயரைக் காப்பாற்ற வேண்டும் என்று சொல்லிப் பிள்ளைகளின் வாயை மூடிய காலம் போதும்.

அதிபரை மீறி எதையும் செய்யவேண்டாம். அரசப் பாடசாலை என்றால் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் ஊடாக, தனியார் பாடசாலை என்றால் நிர்வாகத்தோடு எழுத்தில் உடன்பட்டு, கணக்கைப் பகிரங்கமாக வைத்துச் செய்யுங்கள். பழைய மாணவர்கள் அதிபருக்கு மேல் அதிபராக நடக்கும் நோய் பல இடங்களில் இருக்கிறது. கனடாக் கிளைக்கும் கொழும்புக் கிளைக்கும் இடையில் உள்ள போட்டியில் இங்கே ஓர் இளம் அதிபர் நசுங்குவதை நான் பார்த்திருக்கிறேன். நீங்கள் கொடுப்பது உங்கள் பெயருக்காக இல்லை என்றால், யார் தலைவர் என்ற சண்டை ஏன் வரவேண்டும்?

பெரிய போட்டியை நிறுத்துங்கள் என்று நான் கேட்கவே இல்லை. பத்திரிசியாரும் யாழ்ப்பாணக் கல்லூரியும் மோதும் பொன் அணிகளின் போரை நானும் மர நிழலில் இருந்து பார்த்தவன். ஆனால் அந்தப் பதினொரு பேருக்குக் கிடைக்கிற கவனத்தில் ஒரு துளி, எந்த அணியிலும் தெரிவாகாத பெடியனுக்கும் கிடைக்கவேண்டும். துடுப்புப் பிடிக்கத் தெரியாதவன், ஒன்பது ஏ எடுக்காதவன், மேடையில் பேச வாய் வராதவன் என்று ஒவ்வொரு வகுப்பிலும் பாதிப்பேர் இருக்கிறார்கள். அவர்களுடைய படம் பதாகையில் வராது. பரிசளிப்பு விழாவில் அவர்கள் பின்வாங்கிலில் இருந்து கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போவார்கள். மூன்றாவது அணி ஒன்று வையுங்கள். தோட்டம் வையுங்கள். சைக்கிள் திருத்தப் பழக்குங்கள். ஹேபேர்ட் அடிகள் தொழில் பழக்கும் நிறுவனத்துக்கு உழைத்தபோது நினைத்தது அந்தப் பிள்ளைகளைத்தான்.

உங்கள் அடுத்த ஆண்டுப் பொதுக்கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இந்த மடலை ஒரு விடயமாகச் சேர்க்கும்படி கேட்கிறேன். செயலாளர் வாசித்துவிட்டு, 'கவனத்தில் எடுக்கப்பட்டது' என்று குறித்து அடுத்த விடயத்துக்குப் போகவேண்டாம். ஒரு தீர்மானம் எடுங்கள். எல்லாவற்றையும் ஒரேயடியாகச் செய்யமுடியாது என்றால் நூலகத்திலிருந்து தொடங்குங்கள். அடுத்த தவணையின் முதல் திங்கட்கிழமை பின்னேரம் நூலகக் கதவைத் திறந்து வைத்திருக்கப்போவது யார், அவருக்கு மாதம் எவ்வளவு, அதைக் கட்டப்போகிற கிளை எது என்று அந்தக் கூட்டத்திலேயே எழுதிக் கையெழுத்து வையுங்கள். அதன் ஒரு பிரதியை அதிபருக்கும், ஒரு பிரதியைப் பெற்றோருக்கும் கொடுங்கள்.

அன்புடன்,

ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர்
யாழ்ப்பாணம்